மொரீஷியஸ்ல ஸ்கூபா கார்டு வாங்குறது எப்படி: ஒரு கிணத்து நீச்சல்காரனோட முழு வழிகாட்டி

நான் நீச்சல் கத்துக்கிட்டது திருச்சி பக்கத்துல ஒரு பம்புசெட்டு கிணத்துல. முதுகுல சுரைக்குடுக்கைய கட்டி மாமா தூக்கிப் போட்டாரு, நாலு நாள் தண்ணி குடிச்சு அஞ்சாவது நாள் மிதந்துட்டேன். அதுக்கப்புறம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு மேட்டுலேர்ந்து குதிக்கிறது, மூச்சை அடக்கி அடியில போய் மண்ணை அள்ளிட்டு வர்றதுன்னு எல்லா வித்தையும் வந்துடுச்சு. வேலைக்கு மொரீஷியஸ் வந்து கத்ர் போர்ன்ல வீடு எடுத்து ரெண்டு வருஷம் கரையிலயே நின்னு கடலை பார்த்துட்டு, ஒரு வழியா டேங்க் மாட்டிக்கிட்டு கடலுக்கடியில போற ஸ்கூபா கோர்ஸ்ல சேர்ந்தப்போ நமக்குத்தான் நல்லா நீச்சல் தெரியுமே, இதெல்லாம் ஒரு விஷயமான்னு ஒரு மிதப்புல போனேன். ஸ்கூபாவுல முதல்ல மறக்க வேண்டியதே இந்த ரெண்டு வித்தையைத்தான்னு போனப்புறம்தான் தெரிஞ்சுது. மூச்சை அடக்கக் கூடாது, மூக்கைப் பிடிச்சே ஆகணுங்கிற பயமும் கூடாது. நான் ஆறு நாள் எடுத்துக்கிட்டேன், நீங்க நாலு நாள்ல முடிக்கலாம்.

எந்த கோர்ஸ்

ரெண்டு விஷயத்தை போட்டு குழப்பிக்காதீங்க. ஹோட்டல் வாசல்ல 'இன்னைக்கே டைவ் பண்ணலாம்'னு போர்டு வச்சிருப்பாங்களே, அது ட்ரை டைவ், சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கிறது. இன்ஸ்ட்ரக்டர் உங்க பக்கத்துலயே இருந்து கூட்டிட்டுப் போவாரு, அதிகபட்சம் 12 மீட்டர், சர்டிஃபிகேட்னு ஒண்ணும் கிடையாது. நமக்கு வேண்டியது ஓபன் வாட்டர் டைவர். அந்த கார்டு இருந்தா உலகத்துல எங்க வேணா இன்னொரு டைவரோட ஜோடியா 18 மீட்டர் வரைக்கும் இறங்கலாம், கார்டு காலாவதியும் ஆகாது. 10 வயசு ஆனா சேரலாம், 15 ஆகுற வரைக்கும் ஜூனியர் கார்டுதான், அதுல 10, 11 வயசு பசங்களுக்கு 12 மீட்டரோட சரி.

கார்டு குடுக்கிற அமைப்புகள்ல பாடி (PADI) நல்லதா எஸ்எஸ்ஐ (SSI) நல்லதான்னு ரொம்ப மண்டையைக் குழப்பிக்க வேணாம், ரெண்டோட பேசிக் கார்டும் ஒரே சர்வதேச தரத்துக்கு உட்பட்டதுதான், ஒண்ணு வச்சிருந்தா இன்னொண்ணுல அடுத்த கோர்ஸ் சேரலாம். இங்க பிரெஞ்சு பழக்கம் உள்ள ஊருங்கிறதால சிமாஸ் (CMAS)ங்கிற இன்னொரு அமைப்போட முறையில சொல்லிக் கொடுக்கிற இடங்களும் இருக்கு, அதுவும் செல்லும். கார்டுல என்ன பேர் அச்சாகியிருக்குங்கிறதை விட உங்களுக்கு எந்த இன்ஸ்ட்ரக்டர் வாய்க்கிறாருங்கிறதுதான் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டுலேர்ந்து லீவுக்கு வர்றவங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. தியரியும் ஸ்விம்மிங் பூல் பயிற்சியும் சென்னையிலயோ பாண்டிச்சேரியிலயோ முடிச்சுட்டு, கடல் டைவ் நாலை மட்டும் இங்க வந்து பண்ணலாம். இதுக்கு ரெஃபரல்னு பேரு, அந்த பேப்பர் ஒரு வருஷத்துக்கு செல்லும். ஹனிமூனுக்கு ஏழு நாள் வந்துட்டு அதுல நாலு நாள் க்ளாஸ்ல உக்காந்தா வீட்டுல என்ன நடக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

எப்போ, எந்த கரை

மொரீஷியஸ் தண்ணி வருஷம் பூரா சூடா இருக்கும்னு விளம்பரத்துல போடுவாங்க, அதை அப்படியே நம்பிடாதீங்க. நவம்பர்ல சூடாக ஆரம்பிச்சு ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும் 27, 28 டிகிரி, அது நம்ம ஊர் ஆளுக்கு தோதான தண்ணி. ஜூலை ஆகஸ்ட்ல 22, 23க்கு இறங்கிடும், ஐரோப்பாக்காரங்க அதுல சந்தோஷமா குதிப்பாங்க, திருச்சி வெயில்ல வளந்த உடம்பு அரை மணி நேரத்துல நடுங்க ஆரம்பிச்சுடும். அந்த மாசத்துல போனா 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வெட்சூட் (குளிர் தாங்குற ரப்பர் உடுப்பு) கேட்டு வாங்கிக்கோங்க. இங்க நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் கோடை, அதுக்கும் ஒரு குறை இருக்கு, அது புயல் சீசன். வார்னிங் வந்தா படகை கரை ஏத்திடுவாங்க, ரெண்டு மூணு நாள் அப்படியே போயிடும். ஆக என் கணக்குக்கு தண்ணி சூடா இருந்து புயல் பயமும் கம்மியா இருக்கிறது நவம்பரும் டிசம்பர் ஆரம்பமும்தான், ஏப்ரல் கடைசி மேயும் மோசம் இல்ல.

காத்து பெரும்பாலும் தென்கிழக்குலேர்ந்து அடிக்கும், அதனால மேற்கு கரையும் வடமேற்கும்தான் அமைதியா இருக்கும். மேற்குல ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், வடக்குல த்ரூ ஓ பிஷ், க்ராங் பே, இந்த பக்கங்கள்ல டைவ் சென்டருக்கு பஞ்சமே இல்ல. தீவை சுத்தி பவளப்பாறை வளையம் இருக்கிறதால உள்பக்கம் லகூன் குளம் மாதிரி கிடக்கும், முதல் பயிற்சிக்கு அதை விட நல்ல இடம் கிடைக்காது. கத்ர் போர்ன்லேர்ந்து ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்குக்கு நேர் பஸ் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக நான் அங்க சேர்ந்தேன், இதுல பெரிய ஆராய்ச்சி ஒண்ணும் இல்ல.

சென்டர்ல கேக்க வேண்டியது

வெளிப்படையாவே சொல்றேன், விலையை மட்டும் பார்த்து சேராதீங்க. நான் முதல்ல விசாரிச்ச ஒரு இடத்துல ரெண்டே நாள்ல கார்டு கைக்கு வந்துடும்னாங்க, பூல் பயிற்சியை பத்தி கேட்டா சிரிச்சு மழுப்பினாங்க, நான் அப்படியே திரும்பி வந்துட்டேன். கடல் டைவ் நாலுக்கு மட்டுமே குறைஞ்சது ரெண்டு நாள் வேணுங்கிறது விதி, அதுக்கு முன்னாடி அஞ்சு கட்டமா ஆழமில்லாத தண்ணியில பயிற்சி இருக்கு, இதெல்லாம் ரெண்டு நாள்ல எங்கேர்ந்து அடங்கும்?

ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை ஆளுன்னு கேளுங்க, நாலுக்கு மேலன்னா யோசிங்க. சொல்ற விலையில ஆன்லைன் தியரி, கார்டு ஃபீஸ், படகு, வாடகை சாமான் எல்லாம் அடக்கமான்னு கேளுங்க, தனித்தனியா சேர்த்தா முதல்ல சொன்ன விலைக்கும் கடைசி பில்லுக்கும் சம்பந்தமே இருக்காது. படகுல ஆக்சிஜன் பெட்டி இருக்கான்னு கேளுங்க. என்ன மொழியில சொல்லித் தருவாங்கன்னும் கேளுங்க, இங்க பல இன்ஸ்ட்ரக்டர்களுக்கு பிரெஞ்சும் க்ரியோலும்தான் சரளம், இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத் தடுமாறி வரும். எனக்கு வாய்ச்சவரு க்ரியோல்காரர், ஒரு நாளைக்கு நூறு தடவை 'தூஸ்மாங், தூஸ்மாங்'னுவாரு. மெதுவா, மெதுவான்னு அர்த்தம். அந்த கோர்ஸோட பாதி பாடம் அந்த ஒரு வார்த்தையிலயே இருந்துச்சு.

மெடிக்கல் ஃபார்ம்

சேர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வித்தாள் குடுப்பாங்க. ஆஸ்துமா, இதயம், காது மூக்கு ஆபரேஷன், வலிப்பு, சர்க்கரை, 45 வயசுக்கு மேலன்னா சிகரெட் கொலஸ்ட்ரால் பிபி பத்தியெல்லாம் கேட்டிருக்கும். ஆமான்னு எழுதினா பெரும்பாலும் டாக்டர் கையெழுத்து வேணும், அதுக்காக டைவே பண்ணக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல. நம்மாளுங்க எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு டிக் அடிச்சு குடுத்துடுவாங்க, அந்த பழக்கம் இங்க வேணாம், பொய் சொன்னா மாட்டப் போறது இன்ஸ்ட்ரக்டர் இல்ல, உங்க நுரையீரல். கர்ப்பமா இருக்கிறவங்க குழந்தை பொறந்தப்புறம் பார்த்துக்கலாம். ஊர்லேர்ந்து வர்றவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த ஃபார்மை நெட்ல எடுத்து பார்த்து, டாக்டர் கையெழுத்து வேணும்னா அங்கயே வாங்கிட்டு வந்துடுங்க, இங்க வந்து அலைஞ்சா ஒரு நாள் காலி.

தியரி: இந்த ஒரு பாடம் புரிஞ்சா போதும்

ஆன்லைன்ல அஞ்சு பாடம், முடிவுல 50 கேள்வி, 75 சதவீதம் வாங்கினா பாஸ். ஒரு வார ராத்திரியில சாவகாசமா முடிச்சிடலாம், அதனால இங்க வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுட்டு வாங்க. ஆனா மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு.

தரையில நம்ம மேல காத்தோட அழுத்தம் ஒரு பார். கடல்ல ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடும். 10 மீட்டர்ல ரெண்டு, 20ல மூணு. ஒரு பலூனை ஊதி கீழ கொண்டு போனா 10 மீட்டர்ல பாதியா சுருங்கிடும். இப்போ அதையே திருப்பிப் பாருங்க, 10 மீட்டர் ஆழத்துல டேங்க்லேர்ந்து ஒரு மூச்சு நிறைய இழுத்துட்டு, அதை அடக்கிக்கிட்டு மேல வந்தா அந்த காத்து ரெட்டிப்பா விரியும். நெஞ்சுக்குள்ள அதுக்கு எங்க இடம்? கிணத்துல மூச்சடக்கினா ஒண்ணும் ஆகாததுக்கு காரணம் அது மேலேர்ந்து எடுத்துட்டுப் போன மூச்சு, கீழ சுருங்கி மேல வந்ததும் பழைய அளவுக்குத்தான் திரும்பும். இங்க கீழயே அழுத்தமான காத்தை இழுக்கிறோம். அதனாலதான் ஸ்கூபாவோட முதல் சட்டம்: மூச்சை எப்பவும் அடக்காதே, இழுத்துக்கிட்டும் விட்டுக்கிட்டும் இரு. எனக்கு முப்பது வருஷப் பழக்கத்தை உடைக்கவே ரெண்டு நாள் ஆச்சு.

இன்னொரு கணக்கு நைட்ரஜன். ஆழத்துல ரொம்ப நேரம் இருந்தா ரத்தத்துல அது கரைஞ்சு சேரும், வேகமா மேல வந்தா சோடா பாட்டிலை திறந்த மாதிரி குமிழ் கட்டும். பாடி டேபிள்ல 12 மீட்டருக்கு 147 நிமிஷம், 18 மீட்டருக்கு 56 நிமிஷம்னு எல்லை போட்டிருக்கு, கையில டைவ் கம்ப்யூட்டர் கட்டியிருந்தா அதுவே கணக்கு பார்த்துக்கும். புதுசா வர்றவங்க யாரும் அந்த எல்லைகிட்ட கூட போறதில்ல, அதுக்குள்ள டேங்க் காலியாயிடும்.

வீட்டுலயே செய்ய வேண்டிய பயிற்சி

இதை எந்த கோர்ஸ்லயும் சொல்ல மாட்டாங்க. வாயில வச்சு மூச்சு விடுற வளைஞ்ச குழாய், ஸ்நார்க்கல்னு பேரு, அது ஒண்ணு வாங்குங்க, ஒரு பெரிய பக்கெட்ல தண்ணி நிரப்பி முன்னாடி உக்காந்து, கண்ணையும் மூக்கையும் மூடுற டைவிங் மாஸ்க் போடாம ஸ்நார்க்கலை மட்டும் வாயில வச்சு முகத்தை தண்ணிக்குள்ள வச்சு மூச்சு விடுங்க. மூக்கு நனையும், ஆனா மூச்சு வாய் வழியா மட்டும் போய் வரணும். முதல் ரெண்டு நிமிஷம் திணறும், உடனே தலையை தூக்கிடுவீங்க. நாலஞ்சு நாள் பண்ணா மூளை ஒத்துக்கும். ஏன் இவ்வளவு சொல்றேன்னா, என் கண்ணால பார்த்த வரைக்கும் கோர்ஸை பாதியில விட்டுட்டுப் போனவங்க நீச்சல் தெரியாம போகல, மாஸ்க்குக்குள்ள தண்ணி வந்ததும் பதறிப் போனவங்கதான்.

மாஸ்க் மட்டும் வாடகைக்கு எடுக்காம சொந்தமா ஒண்ணு வாங்குறது நல்லது. புதுசுல கண்ணாடிக்குள்ள ஒரு எண்ணெய் படலம் இருக்கும், வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு மூணு தடவை தேய்ச்சு கழுவுங்க, இல்லைன்னா பனி மூட்டம்தான். இறங்குறதுக்கு முன்னாடி உள்ள எச்சில் துப்பி தேய்ச்சு அலசணும், அருவருப்பு பார்க்காதீங்க. மீசைக்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை: மீசை வழியா தண்ணி கசியும், மூக்குக்கு கீழ ஒரு கோடு அளவுக்கு வழிச்சுட்டா நின்னுடும், இல்லைன்னா கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கலாம். நான் வாஸ்லின் கட்சி. பெண்கள் நெத்தி முடி ஒண்ணு கூட மாஸ்க் ரப்பருக்குள்ள மாட்டாம பார்த்துக்கணும், பின்னலை கழுத்துப் பக்கமா தாழ்த்திப் போட்டுக்கிட்டா பட்டை வழுக்காது. மோதிரம், செயின் எல்லாம் வீட்டுலயே. கண்ணாடி போடுறவங்களுக்கு பவர் மாஸ்க் பல சென்டர்ல இருக்கும், முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க.

நீச்சல் டெஸ்டும் முதல் பயிற்சியும்

200 மீட்டர் நிக்காம நீந்தணும், நேரக் கணக்கு கிடையாது, எந்த ஸ்டைலா வேணா இருக்கலாம், நம்ம கிணத்து நாய் நீச்சலும் செல்லும். அப்புறம் பத்து நிமிஷம் மிதக்கணும், உப்புத்தண்ணியில அது ஒரு வேலையே இல்ல, மல்லாந்து படுத்து வானத்தை பாருங்க.

பிறகு சாமான் மாட்டுவாங்க. டேங்க், காத்து ஊதி மிதக்கவைக்கிற பிசிடி ஜாக்கெட், வாயில வைக்கிற ரெகுலேட்டர், ஜோடிக்காரருக்கு குடுக்க ஒரு எக்ஸ்ட்ரா ரெகுலேட்டர், ப்ரெஷர் கேஜ், இடுப்புல ஈயக்கட்டி. கரையில தூக்கினா முதுகு ஒடியும், தண்ணிக்குள்ள ஒண்ணுமே தெரியாது.

ரெகுலேட்டரை வாயிலேர்ந்து எடுத்து திரும்ப வைக்கிறது முதல் பாடங்கள்ல ஒண்ணு. எடுத்த நேரத்துலயும் மூச்சை அடக்கக் கூடாது, உதட்டை குவிச்சு சின்னச் சின்ன குமிழா விட்டுக்கிட்டே இருக்கணும். கைநழுவிப் போயிட்டா வலது பக்கம் சாய்ஞ்சு கையை தொடையிலேர்ந்து பின்னால சுத்திக் கொண்டு வந்தா குழாய் கையில மாட்டும். மாஸ்க் பாடம் மூணு கட்டமா வரும்: கொஞ்சம் தண்ணி, முழுசா தண்ணி, கடைசில கழட்டியே மாட்டுறது. மேல் ஃப்ரேமை நெத்தியோட அழுத்திப் பிடிச்சு, தலையை லேசா தூக்கி, மூக்கு வழியா நீளமா ஊதினா தண்ணி கீழ்வழியா வெளியேறிடும். சளி சிந்துற மாதிரிதான், ஆனா பொறுமையா. நான் முதல் தடவை மூக்குலயே தண்ணியை இழுத்து, எழுந்து நின்னு இருமினேன், இன்ஸ்ட்ரக்டர் ஒண்ணும் சொல்லல, கையால தூஸ்மாங்னு காட்டினாரு. பக்கெட் வித்தை அன்னைக்கு ராத்திரி பாத்ரூம்ல நானே கண்டுபிடிச்சது.

ஈயக்கட்டி எவ்வளவுன்னு அவங்களா குத்துமதிப்பா குடுப்பாங்க, நீங்க சரிபார்த்துக்கோங்க. ஜாக்கெட்ல காத்தை முழுசா எடுத்துட்டு சாதாரணமா ஒரு மூச்சை இழுத்து வச்சா தண்ணி கண் மட்டத்துல நிக்கணும், மூச்சை விட்டா மெதுவா முங்கணும். மேல் மட்டத்துல சோதிக்கிறதால இந்த ஒரு நொடி மட்டும் மூச்சை வச்சுக்கலாம். கட்டி அதிகமா கட்டிக்கிட்டா கீழ பவளத்து மேல போய் விழுவீங்க, அதை சமாளிக்க ஜாக்கெட்டை ஊதி ஊதி டேங்க் தீந்துடும்.

காது

இதுலதான் நான் ரெண்டு நாளை விட்டேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். முதல் 10 மீட்டர்லதான் அழுத்தம் ரெட்டிப்பாகுது, அதனால ரெண்டு மூணு மீட்டர்லயே காது வலிக்க ஆரம்பிக்கும். மாஸ்க் ரப்பர் மேலேயே மூக்கை பிடிச்சு மெதுவா ஊதினா காதுல டப்புன்னு ஒரு சத்தம் வந்து சரியாகும். வலிச்சப்புறம் ஊதக் கூடாது, வலிக்கிறதுக்கு முன்னாடியே, தலை முங்கினதுமே தொடங்கி ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை ஊதணும். திறக்கலைன்னா ஒரு மீட்டர் மேல வந்து திரும்ப முயற்சி பண்ணுங்க, பலமா ஊதி ஜெயிக்கப் பார்க்காதீங்க, செவிப்பறை கிழியும். கால் கீழ வச்சு நின்ன வாக்குல கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா தலைகீழா போறதை விட காது சுலபமா திறக்கும்.

சளி இருந்தா டைவ் கிடையாது. எனக்கு லேசா மூக்கடைப்பு இருந்துச்சு, பணம் கட்டியாச்சே, ஒரு நாள் வீணாகுமேன்னு சொல்லாம மறைச்சுட்டுப் போனேன். மூணு மீட்டருக்கு கீழ இறங்கவே முடியல, வீம்புக்கு ஊதினதுல காது வீங்கி அடுத்த ரெண்டு நாளும் கரையில உக்காந்தேன். மாத்திரை போட்டு அடைப்பை சரிபண்ணிட்டுப் போறதும் ஆபத்துதான், கீழ இருக்கும்போது மருந்து வேகம் குறைஞ்சா மேல வரும்போது காத்து மாட்டிக்கும். லீவு ப்ளான் போடும்போதே கைவசம் ரெண்டு நாள் கூடுதலா வச்சுக்கோங்க.

கடல்ல நாலு டைவ்

காலையில வெறும் வயித்தோட போகாதீங்க, அதுக்காக காத்தோ பிமாங் நாலு உள்ள தள்ளிட்டும் போகாதீங்க. அது கிட்டத்தட்ட நம்ம பருப்பு வடைதான், பச்சைமிளகாயோட ருசியா இருக்கும், ஆனா 10 மீட்டர் ஆழத்துல ரெகுலேட்டருக்குள்ள அந்த ஏப்பம் வந்தா தெரியும். ரெண்டு வாழைப்பழம், தண்ணி, போதும். படகு குமட்டல் வர்றவங்க இஞ்சி மரப்பா வச்சுக்கலாம்.

எங்க படகை ஓட்டினவரு நாலஞ்சு தலைமுறைக்கு முன்னாடி வந்த தமிழ்க் குடும்பம். தமிழ் பேச வராது, ஆனா காவடிப் பாட்டு முழுசும் பாடுவாரு. நான் தமிழ்ன்னு தெரிஞ்சதும் மொரீஷியஸ் ரூபா நோட்டு ஒண்ணை எடுத்து அதுல இருக்கிற தமிழ் எழுத்தை படிச்சுக் காட்டச் சொன்னாரு. படிச்சேன். அன்னையிலேர்ந்து என் டேங்கை அவரே தூக்கி வச்சாரு.

முதல் ரெண்டு டைவ் 12 மீட்டருக்குள்ள, மூணும் நாலும் 18 வரைக்கும். இறங்குறதுக்கு முன்னாடி ஜோடிக்காரரோட சாமானை நீங்களும் உங்களோடதை அவரும் பார்க்கணும்: ஜாக்கெட், ஈயக்கட்டி, கொக்கிகள், காத்து, கடைசியா எல்லாம் ஓகேவா. இதை கடமைக்கு பண்ணாதீங்க. படகு ஓரத்துல உக்காந்து ஒரு கையால மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் அழுத்திப் பிடிச்சு பின்னால சாயணும், பயமா இருக்கும், ஒரு நொடிதான்.

சைகையில ஒரு வேடிக்கை. கீழ போனதும் இன்ஸ்ட்ரக்டர் ஓகேவான்னு கையால கேட்டாரு, நான் நம்ம ஊர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டினேன். அவரு ஏதோ பிரச்சினைன்னு நினைச்சு காதா, மாஸ்க்கா, காத்தான்னு வரிசையா சைகையில கேக்க, நான் எல்லாத்துக்கும் ஆட்ட, கடைசில என்னை மேல கூட்டிட்டே போயிட்டாரு. தண்ணிக்குள்ள தலையாட்டலுக்கு அர்த்தம் கிடையாது, கைதான் பேசணும். கட்டைவிரலை தூக்கினா சூப்பர்னு அர்த்தம் இல்ல, மேல போலாம்னு அர்த்தம்.

பயிற்சியில ஏற்கனவே பண்ணதையே இங்க திரும்ப பண்ணச் சொல்வாங்க. புதுசா இருக்கிறது 6லேர்ந்து 9 மீட்டர் ஆழத்துலேர்ந்து ஒரே மூச்சை விட்டுக்கிட்டே மேல வர்ற அவசரப் பயிற்சி. டாக்டர்கிட்ட தொண்டையை காட்டுற மாதிரி ஆஆஆன்னு சொல்லிக்கிட்டே வரணும், அப்போ மூச்சு தானா வெளியேறும்.

டேங்க் வழக்கமா 200 பார்ல தொடங்கும், 100 வந்ததும் இன்ஸ்ட்ரக்டர்கிட்ட காட்டணும், 50 மிச்சம் வச்சு படகுக்கு வந்துடணும். அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னுட்டு மேல வர்றதை பழக்கமாக்கிக்கோங்க. ஏறும்போது நம்ம விட்ட சின்னக் குமிழை நாம முந்தக் கூடாது. முதல் டைவ்ல என் டேங்க் 28 நிமிஷத்துல தீந்துச்சு, நாலாவதுல 41. நுரையீரல் பெருசாகல, கையை ஆட்டுறதை நிறுத்தினேன், அவ்வளவுதான். ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு காலை மட்டும் இடுப்புலேர்ந்து மெதுவா அசைச்சுப் பாருங்க.

பாறைகிட்ட எதையும் தொடாதீங்க. இங்க லாஃப்னு ஒரு மீன் இருக்கு, கல்லு மீன், பாசி பிடிச்ச பாறை மாதிரியே கிடக்கும், முதுகு முள்ளுல கடுமையான விஷம். குத்திட்டா தாங்குற அளவு சூடான தண்ணியில முக்கி வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சிங்க மீனும் அப்படித்தான், பார்க்க சாமி அலங்காரம் மாதிரி இருக்கும், தள்ளியே நின்னு பாருங்க. பவளம், சங்கு எதையும் எடுத்துட்டு வர்றது இங்க குற்றம்.

முடிஞ்சப்புறம்

கார்டு இப்போ போன்லயே வந்துடுது. ஆனா லாக் புக் ஒண்ணு போட்டு ஒவ்வொரு டைவ்லயும் எத்தனை மீட்டர், எத்தனை நிமிஷம், எத்தனை கிலோ ஈயக்கட்டி, என்ன வெட்சூட்னு எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை கட்டி எவ்வளவுன்னு கேட்டா முழிக்க வேண்டியதில்ல.

உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற நேரம் வேணும், அதனால கடைசி டைவ் முடிஞ்சு குறைஞ்சது 18 மணி நேரம் ப்ளேன் ஏறக் கூடாது, பல நாள் டைவ் பண்ணா ஒரு முழு நாள் விடுறது நல்லது. ஹெலிகாப்டர் சுத்துலாவும் அதே கணக்குதான். மதியம் டைவ் முடிச்சுட்டு சாயந்திரமே லெ மோர்ன் மலை ஏறலாம்னு ப்ளான் போடுறவங்களும் அதை ஒரு நாள் தள்ளிப் போடுங்க. மூட்டு வலி, தோல் அரிப்பு, மரத்துப் போறது, தாங்க முடியாத அசதின்னு எது வந்தாலும் தூங்கினா சரியாயிடும்னு படுக்காம சென்டருக்கு சொல்லுங்க, ஆம்புலன்ஸுக்கு 114.

அடுத்து எங்க போகலாம்னு கேட்டா, த்ரூ ஓ பிஷ் பக்கம் அக்வேரியம்னு ஒரு இடம் இருக்கு, ஆழம் கம்மி, புதுசுங்களுக்கு அருமை. அங்கயே கிட்டத்துல 1987ல வேணும்னே மூழ்கடிச்ச ஸ்டெல்லா மாருங்கிற கப்பலும் கிடக்கு, மேற்குல கதீட்ரல்னு ஒரு குகையும் இருக்கு, ரெண்டும் 18 மீட்டருக்கு கீழ. கார்டு கைக்கு வந்த ஜோர்ல யாராவது கூட்டிட்டுப் போறேன்னாலும் அதுக்கு அடுத்த கோர்ஸான அட்வான்ஸ்டு முடிச்சுட்டுத்தான் போகணும். நான் அடுத்த நவம்பருக்கு பேர் குடுத்திருக்கேன், சளி பிடிக்காம இருக்கணும்.